முகத்தைப் பாருங்கள்: சைகை மொழி குறித்துக் கேள்வி பதில்

இருபது வருடங்களாகத் திருநெல்வேலிப் பக்கம் இந்திய சைகை மொழி இன்டர்ப்ரெட்டராக, அதாவது பேச்சைச் சைகையிலும் சைகையைப் பேச்சிலும் மாற்றிச் சொல்பவளாக இருக்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆகவே காது கேளாதவர்கள் சார்பில் பேச வந்தவளாக என்னை நினைக்க வேண்டாம். மொழி, மொழிபெயர்ப்பு, அந்த மக்களோடு பழகுவது, இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உதவித்தொகை, அடையாள அட்டை, பஸ் பாஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி (சென்னை, ஐ.டி. ஊழியர், வயது 29): மேடம், ஏழு வருட வேலை, நல்ல சம்பளம். ஆனால் எதிலும் பிடிப்பு இல்லை. போன மாதம் மின்சார ரயிலில் நாலு பேர் கைகளாலேயே பேசிச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது. சைகை மொழி கற்றால் என் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் கிடைக்குமா? நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?

பதில்: தம்பி, அந்த ‘ஏதாவது செய்ய வேண்டும்’ என்பதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். ரயிலில் அந்த நாலு பேர் சிரித்துக்கொண்டுதானே வந்தார்கள்? பிடிப்பு இல்லாமல் நின்றது நீங்கள்.

நான் வந்த கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2003 வாக்கில் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 1890களிலேயே வந்துவிட்டது, ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மா தொடங்கியது. அதனால் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் கைகளால் பேசுகிறவர்களைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை தெரியாது.

ஒரு நாள் ஒரு பையன் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்தான். காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுண்டுவிரலை நீட்டினான். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சுண்டுவிரலை நீட்டினால் என்ன அர்த்தம்? நானும் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் மறுபடி காகிதத்தைத் தட்டிவிட்டுச் சுண்டுவிரலை நீட்டினான். நான் மறுபடி கழிப்பறையைக் காட்டினேன். கூட வந்த பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, சைகை மொழியில் கட்டைவிரல் என்றால் நல்லது, சுண்டுவிரல் என்றால் மோசம். என் ஜெராக்ஸ் மோசம் என்று சொல்லியிருக்கிறான். டோனர் தீர்ந்துபோயிருந்தது, அவன் சொன்னது சரிதான்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவன் ஒருவன் மறுநாளிலிருந்து சாயங்காலம் கடைக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். தப்பாகச் செய்தால் மேஜையில் ஓங்கித் தட்டுவான். இரண்டு வருடத்தில் ‘அந்த ஜெராக்ஸ் அக்காவுக்குத் தெரியும்’ என்று பேர் பரவிவிட்டது. தெரிந்தது கால்வாசிதான். அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போனேன். ‘ரத்தம் கம்மியா இருக்கு, மாத்திரை எழுதித் தர்றேன்’ என்றார் டாக்டர். நான் கையில் சொன்னது ‘ரத்தம் தீர்ந்துபோயிற்று’ என்று ஆகிவிட்டது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். குழந்தை போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குப் புரியவே பத்து நிமிடம் ஆயிற்று.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. சேவை மனப்பான்மை என்றெல்லாம் நினைக்காதீர்கள், அது வெறும் வெட்கம். இந்த மொழியை ஒழுங்காகப் படிக்காமல் இனி ஒருவர் முன்னாலும் போய் நிற்கக்கூடாது என்ற ரோஷம். எனக்குப் பிடிப்பு என்று ஒன்று வந்தது அதற்கப்புறம்தான். நீங்கள் கேட்கிற அர்த்தம் முதல் வகுப்பில் கிடைக்காது. ஆறு மாதம் உங்களுக்குக் கிடைக்கப்போவது, பெரிய பேச்சுக்காரர்கள் நடுவில் ஒன்றரை வயதுக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும் அனுபவம். அதைத் தாங்க முடிந்தால் தொடருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. காது கேளாத ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். என்னிடம் கூட வேண்டாம்.

கேள்வி (கோவை): யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண் அருமையாகச் சொல்லித்தருகிறார். அதைப் பார்த்து ஏ முதல் இசட் வரை முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

பதில்: அடுத்து அதை மறப்பது. அமெரிக்க எழுத்துகள் ஒற்றைக் கையில் வருபவை, நம்முடையவை இரண்டு கையில். லோரான் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியர் பிரான்சிலிருந்து போய் 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்க உதவினார். அதனால் அமெரிக்க சைகை மொழிக்கு உறவு பாரிஸோடுதான். இங்கிலாந்தும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் இங்கிலாந்துக்காரர் சைகை அமெரிக்கருக்குப் புரியாது. உலகம் முழுக்க ஒரே சைகை மொழியா என்று கேட்டிருந்த மூன்று பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி (தஞ்சாவூர், தமிழாசிரியர்): தமிழுக்கென்று தனியாகச் சைகை மொழி உண்டா? தமிழை அப்படியே கைகளால் சொல்வதுதான் சைகை மொழி என்று நினைத்திருந்தேன்.

பதில்: ஐயா, இதற்குத்தான் காத்திருந்தேன். சைகை மொழி தமிழின் நிழல் அல்ல, ஆங்கிலத்தின் நிழலும் அல்ல. தனக்கென்று இலக்கணம் உள்ள மொழி. இந்தியா முழுவதும் அடிப்படை இலக்கணம் ஒன்றுதான், சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்காரர் ஒரு கிழமைக்குக் காட்டும் சைகையைப் பார்த்து எங்களூர்ப் பையன்கள் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அரை மணி நேரத்தில் இருவரும் ஒத்துப்போய்விடுவார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று. ‘என் பெயர் கண்ணன்’ என்று தமிழில் சொல்லும்போது நடுவில் ஒரு வினைச்சொல்லும் தேவையில்லை. சைகை மொழியிலும் அப்படித்தான். கேள்விச்சொல் கடைசியில் வரும், ‘பெயர் என்ன’ மாதிரி. இல்லை என்பதும் கடைசியில்தான். அதனால் ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்களைவிடத் தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும் என்பது என் அனுபவம். அடுத்தது இன்னும் அழகு. ‘என்ன’ என்பதற்கு ஒரு கைத்திருப்பல் இருக்கிறது. முகத்தைக் காட்டி அதைச் சேர்த்தால் ‘யார்’. நேரத்தைக் காட்டிச் சேர்த்தால் ‘எப்போது’. எண்ணிக்கையோடு சேர்த்தால் ‘எத்தனை’. ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்குத்தி போடும் இடம்.

பாதி இலக்கணம் கையில் இல்லை, முகத்தில் இருக்கிறது. ‘நீ சாப்பிட்டாய்’ என்பதும் ‘நீ சாப்பிட்டாயா?’ என்பதும் கையளவில் ஒன்றே. புருவம் உயர்ந்தால் கேள்வி. தமிழில் அந்த ‘ஆ’ செய்யும் வேலையைப் புருவம் செய்கிறது. புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் கையையே முறைத்துப் பார்ப்பார்கள். முகத்தைப் பாருங்கள், கை ஓரக்கண்ணில் தானாகத் தெரியும்.

கேள்வி (விருதுநகர்): எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: அன்றாடப் பேச்சுக்கு ஒரு வருடம். மொழிபெயர்க்க மூன்று, நான்கு.

கேள்வி (பொறியியல் இறுதியாண்டு மாணவர்): அக்கா, சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை ஒன்று எங்கள் ப்ராஜெக்ட். உங்கள் கருத்து?

பதில்: வருடா வருடம் மார்ச் மாதம் எனக்கு ஒரு கையுறை வரும். தம்பி, புருவத்துக்கு எங்கே சென்சார் வைத்தீர்கள்? மேலே ஆசிரியருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதுவரை எத்தனை காது கேளாதவர்களிடம் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டீர்கள்? அந்த எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி (சேலம், ஒரு தாய்): அக்கா, என் மகனுக்கு இரண்டு வயது. இரண்டு காதும் கேட்காது என்று பரிசோதனையில் தெரிந்தது. காதுக்குள் கருவி வைத்து ஒலியைக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷனுக்குப் பதிந்திருக்கிறோம். வீட்டில் கையால் ஒன்றுமே காட்டக்கூடாது, காட்டினால் பேச்சு வராது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினால்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மனசு கேட்கவில்லை.

பதில்: முகத்தைத் திருப்பாதீர்கள் அம்மா. இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். அது டாக்டரும் நீங்களும் முடிவு செய்வது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அது செய்கிறார்கள், செய்தால் சின்ன வயதில் செய்வதுதான் நல்லது. ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடாது. கருவியைப் பொருத்தி, ஒலியைப் பழக்கி, பேச்சுப் பயிற்சி கொடுத்து, அதெல்லாம் வருடக்கணக்கு. அந்த வருடங்களில் அவன் மூளை எந்த மொழியைச் சாப்பிடும்? முதல் நாலைந்து வயதுக்குள் ஏதாவது ஒரு மொழி முழுசாக உள்ளே போயாக வேண்டும். அது காது வழியாகப் போகிறதா, கண் வழியாகப் போகிறதா என்று மூளை கணக்குப் பார்ப்பதில்லை. பட்டினி போட்டால்தான் ஆபத்து. அந்தப் பட்டினியோடு இருபது வயதில் என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ‘நேற்று’, ‘நாளை’ என்ற வித்தியாசத்தையே அப்போதுதான் பிடிக்கிறார்கள்.

கையால் பேசுங்கள், வாயாலும் பேசுங்கள். உங்கள் ஊரில் காது கேளாத பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பையனோடு விளையாடச் சொல்லுங்கள்.

குறுக்கீடு (பேச்சுப் பயிற்சியாளர், 15 வருட அனுபவம்): சகோதரி, மன்னிக்கவும். இது பெற்றோரைக் குழப்பும் பதில். சைகை சுலபமான வழி. சுலபமான வழி இருந்தால் குழந்தை கஷ்டமான வழியில் ஏன் போகும்? நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் போனில் பேசுகிறார்கள், சாதாரணப் பள்ளியில் படிக்கிறார்கள். சைகை மட்டும் தெரிந்த பையன் கடைத்தெருவில் யாரோடு பேசுவான்? அந்த அம்மாவின் தாலுகாவில் சைகை மொழி ஆசிரியர் ஒருவராவது உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு மட்டும் நீங்கள் சொல்வது சரி. தாலுகாவில் ஆள் இருக்காது. இந்தியா முழுக்கச் சான்று பெற்ற இன்டர்ப்ரெட்டர்களே சில நூறு பேர்தான். அது வெட்கக்கேடு. ஆனால் அந்த வெட்கக்கேட்டுக்கு மருந்து ஆளை உருவாக்குவது, சைகையைத் தடுப்பது இல்லை.

சுலபமான வழி என்கிறீர்கள். இரண்டு மொழி பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தெலுங்கு சுலபம் என்பதால் தமிழ் வராமல் போகிறதா? இந்த வாதத்துக்கு வயது 140க்கு மேல். 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கான ஒரு மாநாடு கூடி, பள்ளிகளில் பேச்சு முறைதான் உயர்ந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்களில் அநேகமாக எல்லாருக்கும் காது கேட்கும். 2010இல் அதே மாநாட்டு வரிசை கனடாவின் வான்கூவரில் கூடியபோது அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் போன 130 வருடத்தை யார் திருப்பித் தருவது?

குறுக்கீடு (ஈரோடு, ஒரு தந்தை): என் மகளுக்கு மூன்று வயதில் இம்ப்ளாண்ட் வைத்தோம். இப்போது ஒன்பது. நன்றாகப் பேசுகிறாள். பயிற்சியாளர் சார் மாதிரி ஆட்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குளிக்கும்போது கழற்றிவிடுவாள், ராத்திரி கழற்றிவிடுவாள், பேட்டரி தீர்ந்தால் முடிந்தது. கல்யாண மண்டபத்தில் மேளச்சத்தம் தாங்காமல் அவளே அணைத்துவிடுவாள். அந்த நேரத்தில் எல்லாம் எப்படிப் பேசுவது? போன வருடம் குடும்பமாகச் சைகை மொழி கற்க ஆரம்பித்தோம். பேச்சு குறையவில்லை, வீட்டில் சண்டைதான் குறைந்தது.

பயிற்சியாளர்: இது ஒரு குடும்பத்தின் அனுபவம். நான் சொல்வது நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்து.

பதில்: சார், நல்லபடியாகப் பேச்சு வந்த பிள்ளைகள் ஸ்வீட் பாக்ஸோடு உங்களைப் பார்க்க வருகிறார்கள். வராத பிள்ளைகள் பயிற்சியை நடுவில் விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் என்னிடம் வருகிறார்கள். நீங்களும் நானும் பார்ப்பது வேறு வேறு வரிசை. உங்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ‘கையைக் கட்டு’ என்பதை மட்டும் நிறுத்துங்கள்.

குறுக்கீடு (பெயர் வேண்டாம், 31, அச்சகத்தில் வேலை): நான் காது கேளாதவன். இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் படித்த பள்ளியில் சைகை செய்தால் ஸ்கேலால் அடி. பன்னிரண்டு வருடம் உதட்டைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் இல்லாமல் ‘பாப்பா’ சொல்லுங்கள். ‘மாமா’ சொல்லுங்கள். என்ன வித்தியாசம்? ஹாஸ்டலில் ராத்திரி லைட்டை அணைத்த பிறகு ஜன்னல் பக்கம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரிய பையன்கள் கையால் கதை சொல்வார்கள். எனக்கு உலகம் தெரிந்தது அந்த ஜன்னலில்தான்.

பதில்: நான் எழுதிய எல்லாவற்றையும்விட இது மேல். பயிற்சியாளர் சார், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தீர்களா?

பயிற்சியாளர்: பார்த்தேன். ஒன்றுதான். அதற்காகத்தான் கேட்கும் பயிற்சி தருகிறோம், உதட்டைப் பார்க்க விடுவதில்லை. ஆனால் ஸ்கேலால் அடித்தது தப்பு.

பதில்: சரி. இன்றைக்கு இவ்வளவு ஒத்துப்போனதே போதும். இந்த விஷயத்தில் இன்னும் பதினேழு கேள்வி வந்திருக்கிறது, எடுக்கப்போவதில்லை.

கேள்வி (மதுரை): என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடமாகக் காது மந்தம். சைகை மொழி சொல்லித்தரலாமா?

பதில்: முதலில் காது பரிசோதனை, காது மெஷின். அவருக்கு மொழி இருக்கிறது, ஒலிதான் குறைகிறது. இது என் துறை இல்லை.

கேள்வி: அடையாள அட்டைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முதல் பத்தியைப் படித்தீர்களா?

கேள்வி (நாகர்கோவில், பத்தாம் வகுப்பு மாணவி): அக்கா, என் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. பேங்க், ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் சண்டை எல்லாத்துக்கும் நான்தான் பேசணும். போன வாரம் எங்க டீச்சர் என்னைப் பத்தி அம்மாகிட்ட குறை சொன்னப்ப அதையும் நானே சொன்னேன். சில நாள் எரிச்சலா வருது. எல்லாரும் நீ புண்ணியம் செய்யறேன்னு சொல்றாங்க. எரிச்சல் படறது தப்பா?

பதில்: தப்பே இல்லை கண்ணு. பத்து வயதிலிருந்து சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். டீச்சர் சொன்ன குறையை அப்படியே சொன்னாயா, கொஞ்சம் குறைத்துச் சொன்னாயா? பதில் வேண்டாம், உன் வயதில் நானாக இருந்தால் பாதியை முழுங்கியிருப்பேன்.

ஒன்று மட்டும் செய். ஆஸ்பத்திரி, போலீஸ், பத்திரம், இந்த மூன்றுக்கும் ‘நான் வரமாட்டேன், பெரியவங்க ஒருத்தர் வேணும்’ என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் உடம்பு விஷயத்தை மகள் வாயால் கேட்க வைப்பது அம்மாவுக்கும் கஷ்டம். ஊரில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த இன்டர்ப்ரெட்டர் இருப்பார். அப்புறம், நீ வீட்டில் குழந்தையிலிருந்து பேசுவது உன் தாய்மொழி. இந்த மொழியில் நான் சாகும்வரை வெளியூர்க்காரி, நீ உள்ளூர்க்காரி. பிற்காலத்தில் இந்த வேலைக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அது உன் இஷ்டம். புண்ணியக் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (திருச்சி): இதில் வேலை உண்டா? சர்டிஃபிகேட் எங்கே கிடைக்கும்?

பதில்: டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 ஆயிற்று. மொழிபெயர்ப்புக்கு இரண்டு வருட டிப்ளமோ உண்டு, பிளஸ் டூ போதும். சைகை மொழியைக் கற்பிப்பதற்கான டிப்ளமோ தனி, அது காது கேளாதவர்களுக்கு மட்டும், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேலையா? 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் இன்டர்ப்ரெட்டர் துணையோடு ஆஜரானார். அதற்கப்புறம் எனக்கே கோர்ட் அழைப்புகள் கூடின. பணக்காரராக முடியாது. சாப்பிடலாம்.

சர்டிஃபிகேட் வாங்குங்கள். ஆனால் கையோடு காது கேளாத ஒருவரிடமும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை சொல்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரம்): சைகை மொழி எத்தனை நாளில் வரும்?

பதில்: மேலே.

கேள்வி (கரூர்): முப்பது நாளில் கற்றுத்தரும் ஆப் ஏதாவது?

பதில்: மூன்றாவது தடவை: ஆள். ஆப் இல்லை, ஆள்.

கேள்வி (புதுச்சேரி): ஊமை, செவிடு என்று சொல்லக்கூடாது என்று தெரியும். எப்படிச் சொல்வது?

பதில்: என் நண்பர்கள் தங்களைக் காது கேளாதவர் என்கிறார்கள், நானும் அப்படியே. அரசாங்கக் காகிதத்தில் மாற்றுத்திறனாளி. ஊமை என்பது வசவு மட்டுமல்ல, பொய்யும்கூட. பெரும்பாலானவர்களுக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் சண்டை போடும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், எவ்வளவு சத்தம் வரும் என்று தெரியும்.

கேள்வி (முதலில் கேட்ட சென்னை ஐ.டி. ஊழியர்): மேடம், எல்லாவற்றையும் படித்தேன். ரயிலில் பார்த்தவர்களிடம் நேற்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவர்கள் கூடும் இடத்துக்கு வரச் சொன்னார்கள். ஒன்றுமே தெரியாதே, போய் என்ன செய்ய?

பதில்: பரவாயில்லையே, எழுதிக் கேட்டுவிட்டீர்கள்.

போனதும் எல்லாருக்கும் வணக்கம் வையுங்கள். ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றால் தோளில் மெதுவாகத் தட்டலாம், தூரத்தில் இருந்தால் கையை ஆட்டலாம். முகத்துக்கு முன்னால் சொடுக்குப் போடாதீர்கள். இரண்டு பேர் பேசும்போது நடுவே கடந்து போக வேண்டுமானால் சட்டென்று போய்விடுங்கள், அங்கேயே நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் பேச்சு அறுந்துபோகும். புரியாவிட்டால் புரியவில்லை என்று காட்டுங்கள். புரிந்த மாதிரித் தலையாட்டினால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கேலியும் செய்வார்கள். போனை எடுக்காதீர்கள். கண் அந்தப் பக்கம் போனால் நீங்கள் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி.

பெயர் கேட்பார்கள். விரலால் எழுத்துக் கூட்டிக் காட்டுங்கள். கொஞ்ச நாளில் அவர்களே உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள், நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது. கன்னத்து மச்சம், மூக்குக்கண்ணாடி, முன்வழுக்கை, எதை வைத்தும் வரும். கோபப்படக்கூடாது. என் பெயர், உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு மூடியை அழுத்துவது. ஜெராக்ஸ் மெஷின். கடையை விற்றுப் பதினாலு வருடம் ஆகிறது, பெயர் மாறவில்லை.

இன்னொன்று. ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்பார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அப்புறம் நின்றபடியே தெருவிளக்குக்குக் கீழே பத்தரை வரை பேசுவார்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.